கேக்கின் வெள்ளைப் பூச்சும் கோயிலின் ஓவியப் பூச்சும்

புதுக்கோட்டையில் ஒரு பிறந்தநாள் கேக் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே வழவழப்பான, கெட்டியான வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. ஓரத்தில் இளஞ்சிவப்பு ரோஜாக்கள். நடுவில் உங்கள் தம்பியின் பெயர். அதை அட்டைப் பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு, திருச்சி செல்லும் பேருந்தில் ஏறுகிறீர்கள். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் உள்ளங்கையில் பெட்டியைத் தாங்கி நிற்கிறீர்கள். நார்த்தாமலைக்குப் பிரியும் இடத்தில் இறங்கி, வீட்டுக்குச் சென்று பெட்டியைத் திறக்கிறீர்கள். தம்பியின் பெயருக்குக் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருக்கிறது!

கேக் கீழே விழவில்லை. யாரும் இடிக்கவும் இல்லை. பின் ஏன் விரிசல் விட்டது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டே, அதே நார்த்தாமலையில் உள்ள மேலமலைக்கு ஏறிப் பாருங்கள். அங்கே விசயாலய சோழீசுவரம் என்னும் பழைய கற்றளி இருக்கிறது. அதன் உள்மண்டபச் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதப்பட்ட ஓவியங்களின் எச்சங்களைக் காணலாம். அந்தப் பூச்சிலும் விரிசல்கள். பல இடங்களில் பூச்சே உதிர்ந்து வெறும் கல் தெரிகிறது. கேக்கின் மேல் ஓடிய விரிசலும், சுவரின் மேல் ஓடிய விரிசலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மென்மையான அல்லது அசையக்கூடிய ஓர் அடித்தளம். அதன்மேல் மெல்லிய, கெட்டியான, அழகு செய்யப்பட்ட ஒரு மேல்தோல். அடித்தளம் சற்றே அசைந்தாலும் மேல்தோல் வெடிக்கிறது. அந்தத் தோலை வெடிக்காமல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்வது எப்படி? இதற்காக மனிதன் பட்ட பாடு ஒரு நீண்ட வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

விரிசல் எங்கே பிறக்கிறது?

ஒரு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிமிர்த்தி வைத்து மேலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். எளிதில் உடையாது. இப்போது அதன் இரு முனைகளையும் பிடித்து லேசாக வளையுங்கள். 'டக்' என்று முறிகிறது. காரணம் என்ன? வளைக்கும்போது சாக்பீஸின் ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. சாக்பீஸ் போன்ற பொருள்கள் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்கா. எனவே இழுபடும் பக்கத்தில் விரிசல் பிறந்து, மறுபக்கம்வரை ஓடிவிடுகிறது. கெட்டியாக உறைந்த சர்க்கரைப் பூச்சும், உலர்ந்த சுண்ணாம்புப் பூச்சும் இதே இயல்பு உடையவை.

இப்போது பேருந்தில் நின்ற உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். பெட்டியின் நடுப்பகுதியை உள்ளங்கை தாங்கியது. ஓரங்கள் தாங்கலின்றித் தாழ்ந்தன. கேக்கின் மேற்பரப்பு குடையின் முதுகுபோல் வளைந்தது. அதனால் மேற்பூச்சு இழுபட்டது, நடுவில் வெடித்தது. இரு ஓரங்களையும் பிடித்து நடுவைத் தொய்ய விட்டிருந்தால் மேற்பூச்சு அமுங்கியிருக்கும். அடி ஓரப் பூச்சு இழுபட்டுப் பிளந்திருக்கும். வளைவு எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதோ ஓரிடத்தில் பூச்சு இழுபட்டே தீரும்.

எவ்வளவு வளைந்தால் ஆபத்து? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுண்ணாம்புப் பூச்சு தன் நீளத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு இழுபட்டாலே விரிசல் விடும் நிலையை எட்டிவிடும் என்று கொள்வோம். 6 மில்லிமீட்டர் கனமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பூச்சுத் தகட்டை இரு முனைகளிலும் பிடித்துத் தூக்குகிறோம். அதன் நடுப்பகுதி வெறும் 4 மில்லிமீட்டர் தொய்ந்தால் போதும், அந்த எல்லை வந்துவிடுகிறது. ஒரு பென்சிலின் கனத்தைவிடக் குறைவான தொய்வு அது! இதற்கு மருந்து என்ன? தாங்கும் பலகை வளையாமல் இருக்க வேண்டும். ஒரு பலகையின் கனத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது. கேக் செய்வோர் மெல்லிய அட்டையை விட்டு, கனத்த பலகையின்மேல் கேக்கை வைப்பதன் இரகசியம் இதுதான்.

சர்க்கரையும் சுண்ணாம்பும்

கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சுப் பூசும் வழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1769இல் இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபால்டு என்ற பெண்மணி ஒரு சமையல் நூலை வெளியிட்டார். மணவிழாக் கேக்கின்மேல் முதலில் பாதாம் விழுதால் ஒரு பூச்சும், அதன்மேல் சர்க்கரையால் ஒரு வெள்ளைப் பூச்சும் இடும் முறையை அவர் அதில் விளக்கினார். ஏன் இரண்டு பூச்சு? பாதாம் விழுது கேக்கின் மேடுபள்ளங்களை நிரவுகிறது. கேக்கின் ஈரமும் நெய்ப்பும் வெள்ளைப் பூச்சில் ஊறிக் கறைபடாமல் தடுக்கிறது. சற்றே நெகிழ்ந்துகொடுத்து, அடியில் நடக்கும் அசைவை மேலே முழுவதும் கடத்தாமல் இடைநின்று காக்கிறது.

மேலே இடும் வெள்ளைப் பூச்சு முட்டையின் வெள்ளைக்கருவையும் மிக நுண்ணிய சர்க்கரைப் பொடியையும் சேர்த்து அடித்துச் செய்வது. உலர்ந்ததும் அது ஓடுபோல் கெட்டியாகிவிடும். 1840இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்குச் செய்யப்பட்ட பெரிய கேக்கில் இத்தகைய பூச்சு இடப்பட்டது. 'அரச பூச்சு' என்ற பொருள்படும் 'ராயல் ஐசிங்' என்னும் பெயரும் இந்தப் பூச்சுக்கு நிலைத்தது. பார்ப்பதற்கு அழகு, ஆனால் எளிதில் வெடிக்கும். எனவே பின்வந்தவர்கள் அதில் சிறிது கிளிசரின் சேர்த்தார்கள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். அது சேர்ந்த பூச்சு கல்லாக இறுகிவிடாமல் ஓரளவு மென்மையாகவே இருக்கும்.

வெள்ளைக்கரு என்றதும் உங்களுக்கு ஏதேனும் நினைவுக்கு வருகிறதா? நார்த்தாமலைக்குத் தெற்கே செட்டிநாட்டில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளின் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிபோல் மின்னும் அந்தச் சுவர்களின் இறுதிப் பூச்சில், நன்கு அரைத்த சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். சர்க்கரைக்குப் பதில் சுண்ணாம்பு. மற்றபடி கைவேலையின் தத்துவம் ஒன்றே! அங்கும் அடியில் மணல் கலந்த முரட்டுக் காரை, அதன்மேல் மேலும் மேலும் நுண்மையான பூச்சுகள். நம் கொத்தனார்கள் கடுக்காய் நீரும் வெல்லமும் காரையில் சேர்த்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சுண்ணாம்பின் வேதியியலையும் சற்றுப் பார்ப்போம். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். தூய்மையான கல் 100 கிலோவில் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். எஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. கல்லிலிருந்து புறப்பட்டுக் கல்லுக்கே திரும்பும் பயணம் இது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வண்ணம் தீட்டினால், புதிதாக உண்டாகும் கல்லின் நுண்படிகங்கள் வண்ணத் துகள்களைத் தம்முள் சிறைப்படுத்திக்கொள்ளும். பசையே வேண்டாம். இதுவே ஈரச்சுவர் ஓவிய முறை.

ஆனால் ஈரம் உலரும்போது பூச்சு சுருங்குகிறது. சுவர் சுருங்குவதில்லை. அப்போதும் பூச்சு இழுபட்டு வெடிக்கும். மணல் கலப்பது இதைத் தடுக்கவே. மணல் சுருங்காது, சுருங்கும் சுண்ணாம்பின் அளவை அது குறைத்துவிடுகிறது. ஆகவே முதற்பூச்சில் மணல் மிகுதி. கடைசிப் பூச்சு மிக மெல்லியது.

நார்த்தாமலையில் மழை செய்த வேலை

இனி நார்த்தாமலைக்குத் திரும்புவோம். நகரத்தார் மலை என்ற பெயரே நார்த்தாமலை என மருவியது என்பர். வணிகக் குழுவினரான நகரத்தார் வாழ்ந்த ஊர் அது. சிறு சிறு பாறைக் குன்றுகள் சூழ்ந்த அவ்வூரின் மேலமலையில் 9ஆம் நூற்றாண்டில் எழுந்தது விசயாலய சோழீசுவரம். சதுரமான வெளிச்சுவருக்குள் வட்டமான கருவறை உடைய அரிய அமைப்பு. மேற்கு நோக்கிய வாயில். சுற்றிலும் சிறு கோயில்கள். எதிரே பாறையில் குடைந்த இரு குகைகள். அவற்றுள் ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் 12 வரிசையாக நிற்கின்றன.

இந்தக் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு நம் கதைக்கு மிகவும் வேண்டியது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதி அரையர் எடுத்த கற்றளி மழையால் சிதைந்தது என்றும், அதை மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதி அரையன் புதுப்பித்தான் என்றும் அது கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குன்றில் மழை கல்லையே அசைத்துவிட்டது! கல்லை அசைக்கும் மழை, கல்லின்மேல் பூசிய காரையை என்ன செய்யும்? கூரைக் கற்களின் இடுக்குகளில் நீர் இறங்குகிறது. அது சுவரிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு பூச்சுக்குள் வருகிறது. வெயில் காலத்தில் நீர் ஆவியாகிப் போய்விட, உப்பு படிகமாகி உள்ளுக்குள் பருக்கிறது. பூச்சு உப்புகிறது, வெடிக்கிறது, உதிர்கிறது. கோயிலின் உட்சுவர்களில் பிற்காலத்தில், 17ஆம் நூற்றாண்டு அளவில் தீட்டப்பட்ட ஓவியங்கள் இன்று எச்சமாக மட்டுமே நிற்பதில் இத்தகைய சிதைவுக்குப் பெரும் பங்கு உண்டு.

அருகிலுள்ள சித்தன்னவாசலின் கதை சற்று வேறு. அங்கே பாறையைக் குடைந்து அமைத்த சமணர் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்தில், தாமரைத் தடாகமும், மீன்களும், அன்னங்களும், யானைகளும், மலர் பறிக்கும் மாந்தரும் தீட்டப்பட்டுள்ளன. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. ஓவியங்கள் தாங்கி நிற்கும் பூச்சு சில மில்லிமீட்டர் கனமே உடையது. 1916இல் புதுக்கோட்டை வரலாற்று ஆசிரியர் இராதாகிருஷ்ண ஐயர் தம் நூலில் இவ்விடத்தைக் குறிப்பிட்டார். 1920ஐ ஒட்டி, கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் இதை உலகறியச் செய்தனர்.

1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கிற்று. அங்கே பணியாற்றிய டாக்டர் எஸ். பரமசிவன், சித்தன்னவாசல் பூச்சையும் தஞ்சைப் பூச்சையும் நுண்ணிய முறையில் ஆராய்ந்தார். எந்தப் பூச்சில் என்ன இருக்கிறது, வண்ணம் எவ்வாறு ஒட்டி நிற்கிறது என்று தெரியாமல் கைவைத்தால் காப்பதற்குப் பதில் அழிவே நேரும் என்பதை அக்காலம் உணரத் தொடங்கியிருந்தது.

அஜந்தாவில் நடந்தது இதற்குச் சான்று. 1920ஐ ஒட்டி ஐதராபாத் நிஜாமின் அழைப்பின்பேரில் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இருவர் வந்து அஜந்தா ஓவியங்களைச் சீர்செய்தனர். உதிரும் வண்ணத்தைப் பிடித்து வைக்க அவர்கள் அரக்குப் பூச்சுப் பூசினார்கள். அக்காலத்தில் அது நல்ல முறையாகவே கருதப்பட்டது. ஆனால் நாளடைவில் அரக்கு மஞ்சளித்துக் கருத்தது, சுருங்கியது. சுருங்கும் அரக்கு தன்னோடு வண்ணத்தையும் சேர்த்து இழுத்தது. பிடித்து நிறுத்த வந்த பூச்சே பெயர்க்கும் பூச்சாகிவிட்டது. பின்னாளில் தொல்லியல் துறையின் வேதியியலார் அந்த அரக்கை நீக்கப் பெரும்பாடு பட்டனர்.

சுவரை விட்டுப் பிரிந்த ஓவியங்கள்

சுருங்கும் பூச்சு வண்ணத்தைப் பிய்த்தெடுக்கும் என்றால், அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்ள முடியாதா? முடியும் என்று இத்தாலியர் கண்டிருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெராரா நகரைச் சேர்ந்த அந்தோனியோ கோந்திரி என்பவர் ஒரு முறையை வகுத்தார். ஓவியத்தின்மேல் துணியை வைத்து, தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டுவது முதற்படி. பசை காயும்போது பலமாகச் சுருங்கி வண்ணப் படலத்தைப் பற்றி இழுக்கும். பின் துணியை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால், சுவரிலிருந்த ஓவியம் துணியோடு வந்துவிடும். அதன் முதுகில் வேறொரு துணியை நீரில் கரையாத பசையால் ஒட்டிவிட்டு, முன்பக்கத்துத் துணியை வெந்நீரால் நனைத்து எடுத்துவிடுவார்கள். மற்றொரு முறையில், வண்ணத்தை மட்டும் உரிக்காமல், சுண்ணாம்புப் பூச்சையும் சேர்த்துப் பின்னாலிருந்து நீண்ட இரும்புக் கத்தியால் அறுத்தெடுப்பார்கள்.

1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்தது. தேவாலயங்களின் சுவர்களில் நீரும் எண்ணெயும் ஏறின. ஈரத்தாலும் உப்பாலும் அழியவிருந்த பல ஓவியங்களை இம்முறைகளால் கழற்றி எடுத்துக் காத்தனர். 1968இல் அவ்வாறு சுவரை விட்டுப் பிரிந்த ஓவியங்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் நகருக்குச் சென்று, மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சுவரோவியம் கடல் கடந்து போய்த் திரும்பியது!

ஆனால் எல்லாப் பயணங்களும் இவ்வளவு நல்ல நோக்கத்தோடு நடந்தவை அல்ல. ஆரல் ஸ்டைன் என்ற ஆய்வாளர் இந்திய அரசின் சார்பில் நடு ஆசியப் பாலைவனத்தில் பயணம் செய்து, 1907இல் மீரான் என்னுமிடத்திலிருந்தும், 1914இல் பெசெக்லிக் குகைகளிலிருந்தும் மண்பூச்சு ஓவியங்களைப் பெயர்த்தெடுத்தார். பஞ்சு மெத்தையும் பலகையும் நாணல் கட்டும் வைத்து, ஓவியத் துண்டுகளைப் பொதிந்து ஒட்டகங்களின்மேல் ஏற்றி அனுப்பினார். எத்தனையோ நூறு கல் தொலைவு மலையும் மணலும் கடந்து வந்த அந்த ஓவியங்களில் பல, இன்று புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. ஸ்டைனுடன் சென்ற இந்தியப் படைப்பிரிவு வீரர் நாயக் ராம்சிங், மீரானில் எஞ்சிய ஓவியங்களை எடுத்துவர 1908இல் மீண்டும் அனுப்பப்பட்டார். அந்தப் பயணத்தில் கண்ணில் கடும் வலி கண்டது. கண்ணழுத்த நோய் அது. முதலில் ஒரு கண், பின் மறுகண் என இரு கண்களின் பார்வையையும் அந்தப் பாலைவனத்திலேயே இழந்தார். சிறிது காலத்திலேயே அவர் மறைந்தார். அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தைக் கண்குளிரக் காணும்போது, அதற்காகக் கண்ணை இழந்த ஒருவரையும் நாம் நினைக்க வேண்டும்.

அதே பெசெக்லிக்கிலிருந்து ஜெர்மானியர் எடுத்துச் சென்ற பெரிய ஓவியங்கள் பெர்லின் அருங்காட்சியகச் சுவர்களில் சிமெண்டு வைத்து நிலையாகப் பதிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்தது. மற்றப் பொருள்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றினார்கள். பதித்த ஓவியங்களை அகற்ற முடியவில்லை. குண்டு வீச்சில் அவை அழிந்தன. தம் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டதும் அவற்றுக்குக் கேடு. மீண்டும் பெயர்க்க முடியாமற் போனதும் கேடு.

தஞ்சையில் ஒரே சுவரில் இரு காலங்கள்

இனி நம் நாட்டின் மிக நுட்பமான நிகழ்ச்சிக்கு வருவோம். 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றி இருண்ட, குறுகிய உள்திருச்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருப்பது முன்பே தெரியும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே சென்று பார்த்தபோது, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியம் தெரிவதைக் கண்டார். அது சோழர் காலத்து ஓவியம்! சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலை செல்லும் காட்சியும், முப்புரம் எரிக்கும் சிவபெருமானும் ஆறு நூற்றாண்டு இளைய ஒரு பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தன. சோழர் ஓவியங்கள் ஈரப்பூச்சின்மேல் தீட்டப்பட்டவை என்பதைப் பரமசிவனின் ஆய்வு காட்டிற்று.

இங்கே ஓர் இக்கட்டு எழுந்தது. மேற்பூச்சைச் சுரண்டி எறிந்தால் சோழர் ஓவியம் கிடைக்கும். நாயக்கர் ஓவியம் அழியும். மேற்பூச்சை அப்படியே விட்டால் சோழர் ஓவியத்தை யாரும் காணப்போவதில்லை. நாயக்கர் ஓவியமும் ஏறத்தாழ 400 ஆண்டுப் பழமை உடையது. ஒரு காலத்தின் அழகைக் காண மற்றொரு காலத்தின் அழகை அழிக்க நமக்கு என்ன உரிமை?

இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். மேற்பூச்சை அதன் ஓவியத்தோடு முழுமையாகக் கழற்றி எடுத்தனர். அவ்வாறு எடுத்த நாயக்கர் ஓவியங்கள் 16, கண்ணாடி இழைப் பலகைகளின்மேல் பொருத்தப்பட்டன. இவ்வகை வேலையில் பொதுவாக ஓவியத்தின் முகத்தில் மெல்லிய தாளும் துணியும் ஒட்டப்படும். விரிசல் விழுந்தாலும் துண்டுகள் இடம் பெயராமல் அவை பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒரு பலகை தாங்க, இரு பூச்சுகளுக்கும் இடையே பொறுமையாகப் பிரித்தெடுப்பார்கள். கழன்ற பூச்சைக் குப்புறக் கிடத்தி, முதுகைச் சமன்செய்து, புதிய பலகையை ஒட்டுவார்கள். கடைசியில்தான் முகத்திலுள்ள துணியை நீக்குவார்கள். எந்தக் கட்டத்திலும் பூச்சு தன் எடையைத் தானே தாங்கும்படி விடுவதில்லை. கண்ணாடி இழைப் பலகை ஏன் என்று கேட்கலாம். அது எடை குறைந்தது, விறைப்பானது, மரத்தைப்போல் ஈரத்தில் ஊதிக் கோடையில் சுருங்குவதில்லை, செல் அரிப்பதும் இல்லை.

இன்று ஒரே சுவரில் இருந்த இரு காலத்து ஓவியங்களும் தனித்தனியே வாழ்கின்றன. ஆயினும் சுவரை விட்டுப் பிரித்தெடுப்பதை எல்லாவற்றுக்கும் மருந்தாக இக்கால அறிஞர்கள் ஏற்பதில்லை. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் ஓவியம் ஏதோ ஒன்றை இழக்கிறது, இடம் இழக்கிறது, சுவரின் மேடுபள்ளத்தை இழக்கிறது. எனவே வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சை இது என்பதே இன்றைய கருத்து.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று அஞ்சலட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் பொடியைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்து முதல் அட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குப் பூசுங்கள். அதே குழைவில் சலித்த நுண்மணலைச் சரிபாதி கலந்து மற்ற இரண்டிலும் பூசுங்கள். ஓரங்களில் எடை வைத்து நிழலில் உலர்த்துங்கள். மணல் இல்லாத பூச்சு உலரும்போதே வெடிப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். இப்போது மூன்றாம் அட்டையின்மேல் மட்டும் மெல்லிய மல் துணியைக் கஞ்சியால் ஒட்டி மீண்டும் உலர்த்துங்கள். பின் இரண்டாவதையும் மூன்றாவதையும் முதுகுப்புறமாக வளைத்துப் பாருங்கள். துணி இல்லாதது பிளந்து உதிரும். துணி ஒட்டியதில் விரிசல் விழுந்தாலும் வாய் திறக்காது. ஒரு துண்டும் சிதறாது. கடினமான ஓர் அட்டையின்மேல் ஒட்டி வைத்தால் எவ்வளவு அசைத்தாலும் வெடிக்காது. பிளாரன்ஸிலும் தஞ்சையிலும் கையாண்ட தத்துவம் உங்கள் மேசைமேல் வந்துவிட்டது.

இந்தத் தத்துவத்தைக் கேக்குக்கும் பொருத்திப் பார்ப்போம். கேக்கைவிட அகலமான, வளையாத பலகையின்மேல் அதை வையுங்கள். சிறிது பூச்சையே பசையாக வைத்து, பலகையில் நகராமல் ஒட்டிவிடுங்கள். பலகை பெட்டிக்குள் அங்கும் இங்கும் ஓடாதபடி அளவாக இருக்கட்டும். வெண்ணெய்ப் பூச்சானால் புறப்படுவதற்கு முன் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இறுக விடுங்கள். நம் வெயிலில் அது வெடிப்பதைவிட உருகுவதே அதிகம். கெட்டிச் சர்க்கரைப் பூச்சானால் முந்தின நாளே பூசி நன்றாக உலர விட்டு, அதன்பின் பலகையோடு மட்டுமே தூக்குங்கள். வண்டியில் சரிவான இருக்கையைவிடச் சமமான தரையே நல்லது. ஒரே கையால் நடுவில் தாங்காதீர்கள். இரு கைகளையும் பலகையின் அடியில் அகல விரித்துத் தாங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் வெடித்துவிட்டால்? சிறிது பூச்சைக் குழைத்து விரிசலை அடைத்துவிடலாம். அதன்மேல் ஒரு ரோஜாவையும் வைக்கலாம். தம்பிக்குத் தெரியவே போவதில்லை.

ஆனால் மேலமலையில் உதிர்ந்த பூச்சுக்கு இந்த வசதி கிடையாது. அதன்மேல் வேறொரு ரோஜாவை எழுதிவிட்டு, பழையது இதுதான் என்று சொல்ல முடியாது. பிளாரன்ஸ் ஓவியங்களைப்போல் அதைக் கழற்றி எடுத்துச் செல்வதும் எளிதன்று. ஆங்காங்கே எஞ்சிய திட்டுகளாக நிற்கும் பூச்சு, அந்தச் சுவரில் இருக்கும்வரைதான் அந்தக் கோயிலின் ஓவியம்.

எனவே நார்த்தாமலைக்குச் செல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தச் சுவரில் சாய வேண்டாம். விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். உப்பிய பூச்சின் பின்னால் வெற்றிடம் இருக்கும். ஒரு விரலின் அழுத்தம் அதற்குப் போதும். பெயரைக் கீறுவோரைக் கண்டால் எடுத்துச் சொல்லுங்கள். மழையால் பழுதுற்ற கோயிலை மல்லன் விடுமன் என்ற ஒருவன் எடுத்து நிறுத்தியதால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பின் நாம் அதைக் காண்கிறோம். நாம் கோயிலை எடுத்து நிறுத்த வேண்டியதில்லை. உள்ளதை உதிராமல் விட்டுவந்தால் போதும்.